கண்ணுக்குள் இரத்தம் கசிந்தால் நாள் கடத்தக் கூடாது

இனிப்புநீர் விழித்திரையைக் கெடுத்து, விட்ரெக்டமி அறுவை சிகிச்சை தேவை என்று கண் மருத்துவர் சொன்ன பிறகு, "தானாகக் கரையட்டும்" என்று வீட்டில் நாள் கடத்தக் கூடாது. புக்கிட் தெங்கா வட்டார நோயாளிகளோடு பணியாற்றும் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியரிடையே 31.4 விழுக்காடு. நம் குடும்பங்களின் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபடும்போது, மெலிந்த புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை உடைந்தால் கண்ணுக்குள் இருக்கும் கூழில் இரத்தம் பரவும். அவற்றோடு வளரும் தழும்புச் சவ்வு சுருங்கினால் விழித்திரையே இழுபட்டுப் பிரியும். விட்ரெக்டமியில், கண்ணின் வெள்ளைப் பகுதியில் சிறு துளைகள் இட்டு, இரத்தம் கலந்த கூழை அகற்றி, சவ்வை உரித்து, லேசர் கொடுக்கிறார்கள். தேவைப்பட்டால் வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்புகிறார்கள். 1970இல் மயாமியில் கண் மருத்துவர் ராபர்ட் மாக்கெமர் தொடங்கிவைத்த முறை இது.

"ஆப்பரேஷன் செய்தால் இருக்கிற பார்வையும் போய்விடும்" என்ற பயத்தை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். அதை அறியாமை என்று ஒதுக்க மாட்டோம். கண்புரை, கிருமித்தொற்று, கண் அழுத்தம் கூடுதல் ஆகிய ஆபத்துகள் உண்மையிலேயே உண்டு. ஆனால், நடுவிழித்திரை பிரிந்து பல மாதம் கழித்துப் போகிறவருக்குப் பார்வை அதிகம் திரும்புவதில்லை. அதைப் பார்த்த உறவினர் தாமதத்தை மறந்து, பழியைக் கத்தியின் மேல் போடுகிறார்கள். அடுத்தவரும் தயங்கித் தாமதிக்கிறார்.

இரத்தக் கசிவு எல்லாவற்றுக்கும் உடனே அறுவை வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கசிவுக்கு அறுவைக்குப் பதிலாகக் கண்ணுக்குள் போடும் ஊசிமருந்தில் சிகிச்சை தொடங்கிய கண்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே இரண்டு ஆண்டுகளுக்குள் அறுவை தேவைப்பட்டது. எந்தக் கண் காத்திருக்கலாம் என்பதை ஸ்கேன் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மருத்துவரிடமே போகாமல் காத்திருப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

நோயாளிகள் வேலை செய்யும் தொழிற்சாலை நிர்வாகங்களிடம் ஒரு கோரிக்கை. அறுவையில் கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டவர் பல நாள் தலை கவிழ்ந்தே இருக்க வேண்டியிருக்கலாம். வாயு கரையும்வரை விமானம் ஏறக் கூடாது. கேமரன் மலைக்கும் போகக் கூடாது, உயரத்தில் வாயு விரிந்து கண் அழுத்தம் ஏறும். இப்படிப்பட்டவரை இரவு ஷிப்டுக்கு அழைப்பது தவறு. மருத்துவர் எழுதித் தரும் எம்.சி.யை முழுமையாக ஏற்க வேண்டும். அந்த நாள்களுக்காக அவருடைய வேலைக்கு ஆபத்து வரக் கூடாது.

சுகாதார அமைச்சிடம் கேட்பது: இரண்டாம் வகை இனிப்புநீர் கண்டறியப்பட்ட உடனேயே கிளினிக் கெசிஹாத்தானில் விழித்திரைப் படம் எடுக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் ஏற்கெனவே இருக்கிறது. அது ஒருவர் விடாமல் நடக்க வேண்டும். நடுவிழித்திரை ஆபத்தில் இருப்பவருக்கு வரிசை எண்ணைப் பார்க்காமல் அறுவைக்குத் தேதி கொடுக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன், தமிழ் மட்டுமே அறிந்த முதியவருக்கு, எவ்வளவு பார்வை மீளும், எது மீளாது என்பதைத் தமிழிலேயே விளக்க வேண்டும்.