ஷிப்டு முடிந்து நாம் படிக்கும் நாவல்கள்

உப்பு வாரிய கையும், மில்லில் அறுந்த இழையை முடிந்த விரலும், வாழைத்தார் சுமந்த தோளும் ராத்திரி நேரத்தில் ஒரு கதையைத் தேடுகின்றன. சாயர்புரத்திலிருந்து தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய்வரும் பஸ்ஸில் பாருங்கள். முன்பு மடியில் பாக்கெட் நாவல் இருக்கும். இன்று அதே மாதிரிக் கதை செல்போனில் ஓடுகிறது. காதல் கதை, ராஜா ராணிக் கதை, கொலை மர்மக் கதை. இந்த மூன்றையும் உழைப்பாளி ஜனங்கள் விரும்பிப் படிக்கிறார்கள்.

"எல்லாம் குப்பை" என்று ஒதுக்கும் படிப்பாளிகள் உண்டு. நம் தோழர்களிலும் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். இந்த அபிப்பிராயம் நமக்கு உடன்பாடில்லை. பகலெல்லாம் உழைத்தவர் சற்று நேரம் மனம் லேசாகப் படிப்பது ஒரு குற்றமா? 1969இல் தொடங்கிய ராணி முத்து, ஒரு ரூபாய்க்கு முழு நாவலைக் கொடுத்தது. ஏழை வீட்டுக்குள் புத்தகம் நுழைய அது ஒரு வாசல் திறந்தது. அதை நாம் மறக்கக் கூடாது.

நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். படிப்பவர் மனதில் இருக்கும் நியாயமான ஆசைக்கு அந்தக் கதை என்ன பதில் சொல்கிறது?

பங்களாவில் முடியும் காதல்

காதல் என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்வோம். திருக்குறளின் 1,330 குறளில் 250 குறள் காமத்துப்பால். 1840களில் இதே சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி. யு. போப், 1886இல் குறளை இங்கிலீஷில் வெளியிட்டபோது அந்தப் பாலையும் விடாமல் மொழிபெயர்த்தார். பாதிரியாருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

ரமணிசந்திரன் நூற்றுக்கு மேற்பட்ட காதல் நாவல்கள் எழுதியவர். அவர் வகுத்த பாதையில் இன்று பல பெண்கள் செல்போனில் தொடர்கதை எழுதுகிறார்கள். கதையின் அமைப்பு நமக்குத் தெரிந்ததே. பணமும் கோபமும் நிறைந்த ஓர் ஆண். மானமுள்ள ஒரு பெண். நடுவில் ஒரு சந்தேகம். கடைசியில் அவன் மனம் மாறி அவள் அருமையை உணர்வான். இதை நம் பெண்கள் ஏன் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள்? தன் பேச்சை ஒருநாளாவது ஒருவர் காது கொடுத்துக் கேட்க மாட்டாரா என்ற ஏக்கம்தான். அந்த ஏக்கம் நூற்றுக்கு நூறு நியாயமானது.

ஆனால் பதில் என்ன? பணக்காரன் மனம் மாறினால் போதும், எல்லாத் துன்பமும் தீர்ந்துவிடும் என்பது! பங்களா வாசலை மிதித்ததும் அவளுக்கு வேலை, கூலி, வாடகை என்ற கவலையெல்லாம் மறைந்துவிடுகிறது. சாதி என்ற சொல்லே வருவதில்லை. ஊரில் நடப்பது என்ன? வேறு சாதிப் பெண்ணைக் காதலித்த நம் மாவட்டத்து இளைஞர் ஒருவர் 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். காதலுக்குக் குறுக்கே நிற்பது சந்தேகம் மட்டுமா? அரிவாளும் நிற்கிறதே!

அந்த அரிவாளைக் காட்டுகிற காதல் கதையும் தமிழில் உண்டு. பெருமாள்முருகன் 2013இல் எழுதிய பூக்குழியைச் சொல்கிறோம். சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், தான் காதலித்து மணந்த சரோஜாவைத் தன் கிராமத்துக்கு அழைத்து வருகிறான். அவள் என்ன சாதி? தாயும் ஊரும் கேட்பது அந்த ஒரே கேள்வி. கடைசியில் முள் புதரில் ஒளிந்திருப்பவளைச் சுற்றி ஊரார் நெருப்பு வைக்கிறார்கள். படித்தால் தூக்கம் வராது. ஆனால் இரண்டு ஏழைகளின் அன்பை இவ்வளவு மரியாதையோடு சொன்ன கதைகள் குறைவு.

ராஜகுமாரன் ஆனால்தான் கதாநாயகனா?

1950 முதல் தொடராக வந்த கல்கியின் பொன்னியின் செல்வன், 2022, 2023 ஆண்டுகளில் சினிமாவாக வந்தபின் மறுபடியும் வீடு வீடாகப் புகுந்திருக்கிறது. விறுவிறுப்பில் அதற்கு ஈடு குறைவு என்பதில் சந்தேகமில்லை. ஓடக்காரப் பெண் பூங்குழலியை யார் மறப்பார்கள்?

ஆனாலும் சேந்தன் அமுதனைக் கவனியுங்கள். பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுக்கும் ஏழை. நல்லவன். அவனை அப்படியே விட்டாரா கல்கி? கடைசியில் அவனும் ராஜகுமாரன் என்று தெரியவருகிறது! வீராணம் ஏரியை வெட்டுவித்த இளவரசனின் பெயர் கதையில் இருக்கிறது. மண் சுமந்தவனுக்குப் பெயர் இல்லை. நல்லவனாக இருக்க ராஜ ரத்தம் வேண்டுமா, என்ன?

ஆனந்த விகடனில் 2016 முதல் 2018 வரை சு. வெங்கடேசன் எழுதிய வேள்பாரி வேறு திசையில் போகிறது. அவர் செங்கொடி இயக்கத்தவர் என்பதற்காகப் புகழ்கிறோம் என்று நினைக்க வேண்டாம்; குறையையும் சொல்வோம். எப்போதும் வடக்குப் பார்த்தே உட்காரும் தேவாங்கு ஒன்று கதையில் வருகிறது. அது கற்பனை. கப்பலுக்குத் திசைகாட்ட அது உதவும் என்று தெரிந்ததும் ராஜாவும் வியாபாரியும் மலையைப் பிடிக்க வருகிறார்கள். அது கற்பனையா? முத்துக்குளித்த கரைக்காரர்களான நமக்குத் தெரியாதா? பாண்டியன், போர்ச்சுகீசியன், டச்சுக்காரன், இங்கிலீஷ்காரன் என்று முத்து கை மாறியது. மூச்சடக்கி மூழ்கியவன் பாடு மாறவில்லை.

குறை என்னவென்றால், யுத்த வர்ணனை நீண்டுகொண்டே போகிறது. மலை ஜனங்களின் வீரமெல்லாம் ஒரு தலைவனின் தோளில் ஏற்றப்படுகிறது.

குற்றவாளி ஒருவன்தானா?

தமிழில் துப்பறியும் கதைக்கு நூறு வயதாகிவிட்டது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இங்கிலீஷ் கதைகளைத் தழுவி எழுதிய காலம் போய், தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். பிறகு கோவை ராஜேஷ்குமார் 1,500 நாவல்களைத் தாண்டிவிட்டார். அறிவைக் கொண்டு உண்மையைக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கை இந்தக் கதைகளில் இருக்கிறது. பேய் பிசாசை நம்புவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் கதையில் குற்றவாளி ஒருவன்தான். கடைசிப் பக்கத்தில் போலீஸ் விலங்கு மாட்டியதும் நியாயம் பிறந்துவிடுகிறது. நம் மாவட்டத்தில் 2020 ஜூனில் நடந்தது என்ன? சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் பிணமாகத் திரும்பினார்கள். ஒன்பது போலீஸ்காரர்கள் மீது சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அங்கே சங்கர்லால் வரவில்லை. அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் காவலர், பயத்தை மீறி மாஜிஸ்திரேட்டிடம் சாட்சி சொன்னார். ஊர் ஜனங்கள் கடையடைத்து நியாயம் கேட்டார்கள்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காரர் பூமணி 1982இல் எழுதிய வெக்கையும் ஒரு கொலைக் கதைதான். யார் கொன்றது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. பதினைந்து வயதுப் பையன் ஏன் கொன்றான் என்பதே அங்கே மர்மம். துப்புத் துலக்கிக்கொண்டு போனால், பறிக்கப்பார்த்த நிலமும் கொல்லப்பட்ட அண்ணனும் வெளியே வருகிறார்கள். 2019இல் வந்த அசுரன் படம் இந்தக் கதையிலிருந்து பிறந்ததுதான். படம் பார்த்தவர்கள் புத்தகத்தையும் படிக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, காதலும் மாயமும் மர்மமும் நமக்கு வேண்டாதவை அல்ல. எந்த நாவலைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் உழைக்கிறவருக்குப் பெயர் உண்டா? பெண்ணுக்குச் சொந்தப் பேச்சு உண்டா? துன்பத்தின் காரணம் சொல்லப்படுகிறதா?

வீட்டு வரியோடு நாம் நூலக வரியும் கட்டுகிறோம். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது முதல் நூலகம் நம் உரிமை. பூக்குழியும் வெக்கையும் வேள்பாரியும் வேண்டும் என்று கிளை நூலகத்தில் எழுதிக் கொடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் அருகில் இருந்தால் ஒருவர் வாசிக்க மற்றவர் கேளுங்கள். பிறகு விவாதியுங்கள். கதையில் குற்றவாளியைத் தேடிப் பழகிய கண், ஊரிலும் தேடட்டும்!