கழித்தல் கணக்கில் பிறந்த கொசு

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூட்டல் எளிதில் வந்துவிடுகிறது, கழித்தலில்தான் தடுமாறுகிறார்கள். பெரியவர்களின் சுபாவமும் அதுவே. ஒரு காரியம் சரியாக நடக்கவில்லையென்றால் மேலும் எதைச் சேர்க்கலாம் என்று பார்ப்போமேயன்றி, எதை எடுத்துவிடலாம் என்று யோசிப்பவர் அபூர்வம். யுத்த இலாகாக்களும் இதற்கு விலக்கல்ல. இரண்டாவது உலக மகாயுத்தத்தில் கழித்தல் கணக்கைத் துணிந்து போட்டுப் பார்த்த ஒரு விமானத்தின் வரலாற்றை இந்த வாரம் சொல்லுகிறேன். அதன் பெயர் 'மாஸ்கிட்டோ', அதாவது கொசு.

1930-களின் பிற்பகுதியில் நிபுணர்கள் கொண்டிருந்த அபிப்பிராயம் இது. குண்டு விமானத்தை எதிரியின் சண்டை விமானங்கள் துரத்தும். ஆகையால் அதற்கு முன்னும் பின்னும் யந்திரத் துப்பாக்கிகள் வேண்டும். துப்பாக்கி வைத்தால் சுடுவதற்கு ஆள் வேண்டும். ஆள் உட்காரச் சுழலும் கூண்டு வேண்டும். கூண்டும் ஆளும் தோட்டாவும் சேர்ந்த பாரத்தைத் தூக்க அதிக எஞ்சின் வேண்டும். எஞ்சினுக்குப் பெட்ரோல், பெட்ரோலுக்கு இடம், அத்தனையையும் தாங்கப் பெரிய இறக்கை! இவ்வளவும் ஆன பிறகு விமானம் மெதுவாகப் போகிறது. மெதுவாகப் போவதால் எதிரி பிடித்துவிடுகிறான். பிடித்துவிடுவதால் துப்பாக்கி அவசியமாகிறது! கோவணத்தை எலி கடிக்காமலிருக்கப் பூனை வளர்த்து, பூனையின் பாலுக்குப் பசு வாங்கி, கடைசியில் சம்சாரியாகிவிட்ட சந்நியாசியின் கதைதான் இது.

இங்கிலாந்தில் ஜாப்ரி டி ஹாவிலண்டு என்பவர் நடத்திவந்த விமானக் கம்பெனியார் 1938-ம் வருஷத்தில் இந்தக் கதையைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார்கள். "துப்பாக்கியை எடுத்துவிடுவோம். அப்போது சுடுகிறவர்களும் வேண்டாம். ஓட்டுகிறவர் ஒருவர், வழி பார்த்துக் குண்டு போடுகிறவர் ஒருவர், ஆக இருவர் போதும். எஞ்சினும் இரண்டே. எதிரி பிடிக்க முடியாத வேகமே இதற்குக் கவசம்" என்பது அவர்களுடைய வாதம். இதோடு நிற்காமல், விமானத்தை மரத்தால் செய்யப்போவதாகவும் சொன்னார்கள்!

உலகமெங்கும் உலோக விமானங்கள் வந்துவிட்ட காலம் அது. மரம் என்றதும் அதிகாரிகள் முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் டி ஹாவிலண்டு கம்பெனிக்கு மரம் புதிதல்ல. 1934-ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவிலுள்ள மெல்போர்னுக்கு நடந்த பந்தயத்தில் ஜயித்த 'காமெட்' விமானம் அவர்கள் மரத்தால் செய்ததே. மேலும், யுத்தம் வந்தால் அலுமினியத்துக்குப் பஞ்சம் வரும். உலோகத் தொழிலாளர் ஒருவர்கூட மிஞ்சமாட்டார். நாற்காலியும் அலமாரியும் செய்கிற தச்சர்களோ கைவேலையின்றி இருப்பார்கள். இது அவர்களுடைய இரண்டாவது வாதம்.

அதிகாரிகளில் ஸர் வில்பிரட் பிரீமன் ஒருவரே இதை மனப்பூர்வமாக நம்பினார். மற்றவர்கள் இந்த விமானத்துக்குப் 'பிரீமனின் அசட்டுத்தனம்' என்று பெயர் வைத்தார்கள். 1940 மார்ச்சில் 50 விமானங்களுக்கு உத்தரவு கிடைத்தது. சில மாதங்களுக்குள் டன்கர்க்கில் பிரிட்டிஷ் சேனை பின்வாங்கவே, ஐந்து ரக விமானங்களைத் தவிர மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கும்படி ஆயிற்று. கொசுவும் நசுங்கிப் போக வேண்டியதுதான். பிரீமனின் பிடிவாதம் அதைக் காப்பாற்றிற்று. அகழி சூழ்ந்த ஸாலிஸ்பரி ஹால் என்னும் பழைய மாளிகையில் அமைப்பாளர்கள் வேலை செய்தார்கள். 1940 நவம்பர் 25-ந் தேதி முதல் விமானம் பறந்தது. ஓட்டியவர் கம்பெனித் தலைவரின் மூத்த குமாரர். அடுத்த வருஷம் சர்க்கார் பரிசோதனையில் அது மணிக்கு ஏறக்குறைய 390 மைல் வேகத்தில் பறந்தது. சண்டை விமானங்களில் பெயர் பெற்ற 'ஸ்பிட்பய'ரையே அது முந்திவிட்டது!

அதைச் செய்த விதம் ரஸமானது. தென்னமெரிக்காவில் ஈக்வடார் தேசத்தில் வளரும் 'பால்ஸா' என்ற மரம் தக்கையைப் போல் இலேசானது. அதன் தகட்டை நடுவில் வைத்து, இருபுறமும் பிர்ச் மரத்தின் மெல்லிய ஒட்டுப்பலகைகளைப் பசை தடவி அழுத்தினார்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டும் பலவீனம், சேர்ந்தபோது உறுதி. விமானத்தின் உடல் மொச்சைக்காயைப் பிளந்தாற்போல் நீளவாட்டில் இரண்டு பாதிகளாக அச்சின்மேல் உருவாயிற்று. திறந்திருக்கும்போதே குழாய்களையும் கம்பிகளையும் உள்ளே பொருத்திவிட்டுப் பிறகு இரண்டையும் ஒட்டினார்கள். பகுதிகளைச் செய்து கொடுத்தவர்களில் மேஜை நாற்காலி செய்பவர்களும் பியானோ செய்பவர்களும் இருந்தார்கள். மொத்தத்தில் 7,781 மாஸ்கிட்டோக்கள் செய்யப்பட்டன.

கழித்தல் அதோடு முடியவில்லை. 250 ராத்தல் குண்டுகள் நான்குதான் அதன் வயிற்றில் அடங்கும் என்று முதலில் கணக்கிட்டிருந்தார்கள். 500 ராத்தல் குண்டின் வால்தகட்டைக் குட்டையாக்கிப் பார்த்தபோது அவையே நான்கு அடங்கின! பிற்பாடு 4,000 ராத்தல் குண்டு ஒன்றை பெர்லின் வரையில் இரண்டே பேர் கொண்டுபோனார்கள். நான்கு எஞ்சின் 'லங்காஸ்டர்' இதைவிடப் பெரும்பாரம் தூக்கும் என்பது உண்மை. ஆனால் அது வீழ்ந்தால் ஏழு பேர் வீழ்ந்தார்கள். பிரிட்டிஷ் குண்டு விமானப் படையில் அந்த யுத்தத்தில் மாண்டவர்கள் 55,000 பேருக்கு மேல். அப்படையின் விமானங்களில் மிகக் குறைவாகச் சேதப்பட்டது துப்பாக்கியில்லாத மாஸ்கிட்டோவே.

1943 ஜனவரி 30-ந் தேதி ஹிட்லர் பதவிக்கு வந்து பத்தாண்டு நிறைந்த விழா. காலை 11 மணிக்குக் கோரிங் ரேடியோவில் பேச வேண்டும். சரியாக அந்த நேரத்துக்கு மூன்று கொசுக்கள் பட்டப்பகலில் பெர்லின்மேல் வந்துசேர்ந்தன, பிரசங்கம் தாமதப்பட்டது. மாலையில் கெப்பல்ஸ் பேச இருந்த சமயத்தில் வேறு மூன்று வந்தன. அவற்றில் ஒன்று திரும்பவில்லை.

அதே வருஷம் அக்டோபரில் ஒரு மாஸ்கிட்டோ விநோதமான சரக்கு ஏற்றிற்று. நாஜிகளிடமிருந்து ஸ்வீடனுக்குத் தப்பி வந்திருந்த டென்மார்க் விஞ்ஞானி நீல்ஸ் போர், குண்டு வைக்கும் அறையில் படுத்து பிரிட்டனுக்குப் பிரயாணமானார். தலையுறை அவருடைய பெரிய தலைக்குப் பொருந்தவில்லை. 'பிராணவாயுக் குழாயைப் போட்டுக்கொள்ளுங்கள்' என்று ஓட்டுகிறவர் சொன்னது அவர் காதில் விழவில்லை, மூர்ச்சையாகிவிட்டார். பதில் வராததைக் கண்டு ஓட்டுகிறவர் விமானத்தைத் தாழ்த்தியதால் பிழைத்தார்.

இந்தக் கொசுவுக்கும் ஓர் உயிர்நிலை உண்டு, அதுதான் பசை. நம் தச்சர்கள் வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டுவதுபோல, ஆரம்பத்தில் பாலிலிருந்து எடுக்கும் 'கேஸீன்' பசையை உபயோகித்தார்கள். ஈரமும் வெப்பமும் அதற்கு விரோதிகள். பிறகு ரசாயனப் பசை வந்தது. எனினும் 1944-ன் கடைசியில், இந்தியாவிலிருந்த மாஸ்கிட்டோக்களில் சில ஆகாயத்திலேயே இறக்கை முறிந்து வீழ்ந்தன. மற்றவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்திப் பரிசோதித்தார்கள். சீதோஷ்ணம் ஒருபுறமிருக்க, தொழிற்சாலையில் பலகைகள் சரிவரப் பொருந்தாமல் ஒட்டப்பட்டிருந்ததும் தெரிய வந்தது. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் யாரோ அவசரத்தில் விட்ட மயிரிழை இடைவெளிக்கு இங்கே இரண்டு உயிர் விலை! ஜெர்மானியரும் மரத்தால் ஒரு 'மாஸ்கிட்டோ' செய்ய முனைந்தார்கள். வுப்பர்டால் நகரத்துப் பசைத் தொழிற்சாலை குண்டுவீச்சில் அழிந்தது, மாற்றுப் பசை பலகையை அரித்தது, முயற்சி கைவிடப்பட்டது.

முதல் விமானத்தை ஓட்டிய குமாரரின் தம்பி ஜான் 1943-ல் இரண்டு மாஸ்கிட்டோக்கள் மோதிய விபத்தில் மாண்டார். மூத்தவர் 1946-ல் வேறொரு புதிய விமானத்தைப் பரிசோதிக்கையில் உயிர் துறந்தார். தந்தைக்குக் கிடைத்த புகழைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பின்னால் துப்பாக்கியும் பீரங்கியும் வைத்த மாஸ்கிட்டோக்களும் வந்தன. மரக்கிளையை உரசுவதுபோல் தாழப் பறந்து, ஊருக்குள் ஒரே ஒரு கட்டடத்தைத் தாக்குவதில் அவை பெயர் பெற்றவை. 1945 மார்ச் 21-ந் தேதி கோபன்ஹேகனில் நாஜி ரகசியப் போலீஸாரின் தலைமைக் காரியாலயத்தைத் தாக்கச் சென்றன. காரியாலயம் எரிந்தது, அங்கே அடைபட்டிருந்த தேசபக்தர்கள் பலர் தப்பினார்கள். ஆனால் வழியில் ஒரு மாஸ்கிட்டோ உயர்ந்த விளக்குக் கம்பத்தில் மோதி ஒரு பள்ளிக்கூடத்தருகே வீழ்ந்து எரிந்தது. பின்னால் வந்தவர்களில் சிலர் அந்தப் புகையையே இலக்கு என்றெண்ணிக் குண்டு போட்டார்கள். பள்ளியில் 86 குழந்தைகள் இறந்தார்கள். மணிக்கு முந்நூறு மைல் வேகத்தில் போகிறவனுக்குப் புகையைப் பார்த்து யோசிக்க எத்தனை விநாடி கிடைக்கும்?

முதன்முதலில் பறந்த அந்த மஞ்சள் நிற மாஸ்கிட்டோ, பிறந்த இடமாகிய ஸாலிஸ்பரி ஹாலிலேயே காட்சிசாலையில் இருக்கிறது. போகிறவர்கள் அதன் அழகைப் பார்த்து அதிசயிக்கட்டும். தச்சர்களின் கைத்திறனை மெச்சட்டும். துப்பாக்கியையும் உலோகத்தையும் கழிக்கத் தெரிந்த மேதாவிகளுக்கும், யுத்தக் கணக்கிலிருந்து அந்தக் குழந்தைகளைக் கழிக்கத் தெரியவில்லை என்பதையும் ஒரு நிமிஷம் நினைக்கட்டும்.