சதுர அடிக்கு இரண்டு ரூபாய்: கணக்கில் விடுபட்ட 115 நாள்கள்

பல்கலைக்கழக வளாகங்களில் புதிய கட்டடம் ஒன்று திறப்பு விழாவுக்குத் தயாராகும் கடைசி இரண்டு வாரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? கொத்தனார்களும் பெயின்டர்களும் வெளியேறிய பின், வாளியும் துணியும் சுரண்டும் தகடுமாகச் சிலர் உள்ளே நுழைகிறார்கள். நான் கண்டவரை அவர்களுள் பெண்களே மிகுதி. தரையில் இறுகிய சிமெண்ட், கண்ணாடியில் தெறித்த பெயின்ட், மின்விசிறி இறக்கைவரை படிந்த தூசு ஆகியவற்றை அகற்றிவிட்டு, விழாவுக்கு முன்பே அவர்கள் வெளியேறிவிடுகிறார்கள். அந்த உழைப்புக்கு விலை குறிக்கப்படும் முறையைப் பற்றியதே இப்பதிவு.

ஒப்பந்தப்புள்ளிகளில் பெரும்பாலும் கேட்கப்படுவது ஒரே எண்தான்: சதுர அடிக்கு எவ்வளவு? குறைந்த எண்ணைக் குறித்தவருக்கே பணி. ஆனால் துடைக்கப்படுவது தரை மட்டும் அன்று. ஒரே தரைப்பரப்புள்ள கிடங்குக்கும், கண்ணாடித் தடுப்புகளும் கழிப்பறைகளும் நிறைந்த ஆய்வகத்துக்கும் தேவைப்படும் உழைப்பு ஒன்றாகாது. சதுர அடி என்னும் அலகு அந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கட்டடம் 1,00,000 சதுர அடி; முதற்சுத்தம், நுண்சுத்தம், இறுதிச் சரிபார்ப்பு மூன்றையும் சேர்த்து ஒருவர் நாளொன்றுக்கு 250 சதுர அடி முடிப்பதாகக் கொள்வோம். தேவைப்படுவன 400 மனித நாள்கள். நாள்கூலி 560 ரூபாய் எனில், வருங்கால வைப்பு நிதிக்கு 13 விழுக்காடு, இ.எஸ்.ஐ.க்கு 3.25 விழுக்காடு, போனஸுக்கு 8.33 விழுக்காடு சேர்த்து ஏறத்தாழ 700 ரூபாய் ஆகிறது. ஆகவே உழைப்புச் செலவு மட்டும் 2,80,000 ரூபாய். அதாவது சதுர அடிக்கு 2 ரூபாய் 80 காசு. இயந்திரம், சாரம், மேற்பார்வை, இலாபம் எதுவும் இதில் இல்லை.

இப்போது ஒருவர் இரண்டு ரூபாய்க்கு முன்வருகிறார். அவருக்குக் கிடைக்கும் 2,00,000 ரூபாயை முழுவதும் கூலிக்கே கொடுத்தாலும் 285 நாள்களுக்குத்தான் போதும். எஞ்சிய 115 நாள்களை யார் கொடுக்கிறார்கள்?

விடை இரண்டே. ஒன்று, கூலியிலும் வைப்பு நிதியிலும் கைவைக்கப்படுகிறது. மற்றொன்று, பணி அவசரப்படுத்தப்படுகிறது. பொறுமையாகச் சுரண்ட வேண்டிய இடத்தில் ஆசிட் ஊற்றப்படுகிறது. சுண்ணாம்புக்கல் வகையான கோட்டா கல்லும் பளிங்கும் அமிலத்தில் அரிக்கப்பட்டு மெருகை இழக்கின்றன. தூசு உறிஞ்சும் இயந்திரத்துக்கு மாறாக உலர்ந்த துடைப்பம் வருகிறது. அது கிளப்பும் சிமெண்ட், கல் தூசில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிகோசிஸை உண்டாக்க வல்லது.

'பொதுப்பணம், குறைந்த விலையே ஊழலுக்குத் தடை' என்ற வாதம் பொருளற்றதன்று. அதிகாரியின் விருப்பத்துக்கு இடம் தராத விதி வேண்டும்தான். ஆனால் குறைந்த விலைக்கும் சட்டம் விதித்த கூலிக்குள் அடங்காத விலைக்கும் வேறுபாடு உண்டு. முதலாவது சிக்கனம், இரண்டாவது, செலவை ஏழையின் உடலுக்கு மாற்றிவிடுதல். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே விதித்தது. எனவே 'அது ஒப்பந்ததாரர் பாடு' என்று நிறுவனங்கள் ஒதுங்கிவிட முடியாது.

தீர்வு எளியது. ஒப்பந்தப்புள்ளிப் படிவத்தில் மனித நாள்களின் எண்ணிக்கை, நாள்கூலி, சட்டப்படியான பங்களிப்புகள், பொருள் மற்றும் இயந்திரச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். உழைப்புச் செலவுக்கும் கீழே நிற்கும் விலையைத் திறந்தவுடன் தள்ளுபடி செய்ய வேண்டும். போட்டி எஞ்சியவற்றில் நடக்கட்டும்.

உழைப்பைப் பற்றி ஆய்வேடுகள் எழுதும் நாம், நம் துறைக் கட்டடத்தின் ஒப்பந்தப்புள்ளியை ஒருமுறையேனும் படித்திருக்கிறோமா? அரசு நிறுவனமாயின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். அடுத்த கட்டடத்துக்கு முன் அந்த ஒரு கேள்வியை எழுப்புவோம்: எத்தனை நாள்கள்?