அழித்தது எங்கே போகிறது?



இந்தத் தடவை ரசப்பொடிக்கும் பிரசவ லேகியத்துக்கும் லீவு. கம்ப்யூட்டரைப் பற்றி எழுதப் போகிறேன். "இந்த அம்மாவுக்கு என்ன வந்தது?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இது நம் வீட்டு விஷயம்தான். நான் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு ரெண்டு நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த கதை.

போன மாதம் ஒரு மத்தியானம். லேப்டாப்பில் இடமில்லை, இடமில்லை என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்குத்தான் ஒழித்து வைப்பது என்றால் உயிராயிற்றே! பரண் ஒழிக்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டேன். பேத்தியின் பெயர் சூட்டு விழாப் படங்கள் ஒரே பெயரில் ரெண்டு இடத்தில் இருந்தன. ஒன்று போதுமே என்று ஒன்றை அழித்தேன். கையோடு குப்பைக்கூடையையும் காலி செய்தேன். சாயங்காலம் திறந்து பார்க்கிறேன், மிச்சம் வைத்ததில் ஒன்றுமே இல்லை, வெறும் பெயர்தான். படமெல்லாம் நான் அழித்ததில் இருந்திருக்கிறது.

அதில் ஒரு படம். என் அம்மா கொள்ளுப்பேத்தியின் கையில் வசம்பு வளையல் போடுகிறாள். அம்மா இப்போது இல்லை.

மறுநாள் காலையில் கடைக்கு ஓடினேன். எங்களுக்கு வழக்கமாக ரிப்பேர் பார்க்கிற பையன்தான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான்.

"அம்மா, இது எஸ்.எஸ்.டி. இதுல அழிச்சா போனது போனதுதான்."

"என்ன தம்பி இப்படிச் சொல்றே? எட்டு வருஷத்துக்கு முன்னாடி என் பிள்ளை இதே மாதிரி அழிச்சப்போ நீதானே முக்கால்வாசி எடுத்துக் கொடுத்தே?"

"அது சுத்தற டிஸ்க்கும்மா. இது வேற."

அந்த "வேற" என்ன என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்று புரிந்தது: என் போட்டோவுக்கு நேர்ந்த கதிதான் போலீசும் கோர்ட்டும் தேடுகிற சாட்சியத்துக்கும் நேர்கிறது.

முதலில் பழசைச் சொல்கிறேன். சுத்துகிற டிஸ்க்கை ஐ.பி.எம். கம்பெனி 1956-ல் கொண்டுவந்தது. ஒவ்வொன்றும் ரெண்டு அடி அகலத்தில் ஐம்பது தட்டுகள். அத்தனையும் சேர்ந்து பிடித்தது சுமார் ஐம்பது லட்சம் எழுத்துக்கள்தான். இன்றைக்கு செல்போனில் எடுக்கிற ஒரே ஒரு நல்ல போட்டோ அவ்வளவு இடம் கேட்கும்! தட்டு சின்னதாகி, நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வந்த பிறகும் அடிப்படை அதேதான். காந்தப் பூச்சுப் பூசிய தட்டு சுழலும், ஒரு முள் அதன் மேல் எழுதும், படிக்கும்.

அதில் ஒன்றை அழித்தால் என்ன ஆகும்? நம் சமையலறைச் சம்புடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். "துவரம்பருப்பு" என்ற லேபிளைக் கிழித்துவிட்டால் உள்ளே இருக்கும் பருப்பு காணாமல் போய்விடுமா? அப்படியே இருக்கும். பிறகு ஒரு நாள் வேறு சாமானைப் போட அந்தச் சம்புடத்தை எடுக்கும்போதுதான் பருப்பு போகும். பழைய டிஸ்க்கும் அப்படித்தான். லேபிளைக் கிழிக்குமே தவிர, உள்ளே இருப்பதைத் தொடாது. அதனால்தான் அந்தப் பையனால் எடுத்துக் கொடுக்க முடிந்தது.

தடயவியல்காரர்களுக்கும் இது பெரிய வரப்பிரசாதமாக இருந்தது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்று ஒரு ஊர். 1974-லிருந்து 1991 வரை பத்து உயிர்களைக் குடித்த ஒருவன் ரொம்ப வருஷம் அகப்படவே இல்லை. 2005-ல் அவனே கொழுப்பெடுத்துப் போலீசுக்கு ஒரு பிளாப்பி அனுப்பினான். அதுவும் காந்தத் தட்டுதான். அதில் அவன் அழித்துவிட்ட ஒரு ஆவணத்தின் மிச்சம் இருந்தது. அதைத் தோண்டினால் ஒரு சர்ச்சின் பெயரும், "டென்னிஸ்" என்ற பெயரும் கிடைத்தன. அந்தச் சர்ச்சின் நிர்வாகக் குழுத் தலைவர் டென்னிஸ் ரேடர்! பிப்ரவரி 25-ந் தேதி கைதானான். லேபிளைக் கிழித்தால் பருப்பு போய்விடும் என்று நினைத்தான், மாட்டிக்கொண்டான்.

நாமும் அப்படி நினைக்கிறவர்கள்தானே? எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இருவர் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கிப் பார்த்தார்கள். அவற்றில் படிக்க முடிந்தவை 129. ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை எத்தனை தெரியுமோ? வெறும் 12! மற்றவற்றில் கிரெடிட் கார்டு நம்பர்கள் மட்டுமே ஐயாயிரத்துக்கு மேல். 2003-ல் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். பழைய பேப்பரோடு பழைய கம்ப்யூட்டரையும் எடைக்குப் போடுகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது புதுசுக்கு வருவோம். இந்த எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மின்சாரத்தைப் பூட்டி வைக்கிறார்கள். நம் செல்போன், பென்டிரைவ் எல்லாவற்றிலும் இதே சரக்குதான். ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் இருந்த புஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்தது. இதற்கு "பிளாஷ்" என்று பெயர் வந்த காரணம் வேடிக்கை. உள்ளே இருப்பதை ஒரே வீச்சில் அழித்துவிடுவது கேமராவின் பிளாஷ் வெட்டுகிற மாதிரி இருக்கிறதாம்!

அந்த அழிக்கிற முறையில்தான் விஷயமே இருக்கிறது. காந்தத் தட்டில் பழைய எழுத்தின் மேலேயே புது எழுத்தை எழுதலாம். இதில் முடியாது. முதலில் சுத்தமாகத் துடைத்தால்தான் திரும்ப எழுதலாம். அதுவும் ஒவ்வொரு அறையாகத் துடைக்க முடியாது, கூட்டமாகத்தான் துடைக்கலாம். இட்லித் தட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவை ஒவ்வொரு குழியாக ஊற்றலாம். கழுவும்போது தட்டு முழுவதையும் சேர்த்துத்தானே கழுவுகிறோம்? நல்ல இட்லி ரெண்டு மிச்சமிருந்தால் அதை ஹாட்பேக்கில் எடுத்து வைத்துவிட்டுத் தட்டைத் தேய்ப்போம் இல்லையா, இதுவும் அப்படியே செய்கிறது. வேண்டியதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, மிச்சத்தை மொத்தமாகக் கழுவிவிடும்.

விருந்தாளி வந்த பிறகு தட்டைக் கழுவ உட்கார்ந்தால் நேரமாகுமே! அதனால் வேலையில்லாத நேரத்தில் தானாகவே கழுவி அடுக்கிவிடுகிறது. எதைக் கழுவலாம் என்று அதற்கு எப்படித் தெரியும்? நாம் ஒன்றை அழித்ததுமே, "இந்த இடம் இனிமேல் வேண்டாம்" என்று கம்ப்யூட்டர் அதற்குச் சொல்லிவிடுகிறது. இதற்கு "டிரிம்" என்று பெயர். 2009-ல் வந்த விண்டோஸ் 7-லிருந்து இந்த ஏற்பாடு பரவலாயிற்று. நான் காபி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் என் லேப்டாப் சமர்த்தாகக் கழுவிக் கவிழ்த்துவிட்டது.

போலீசுக்கு இதனால் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். ஒரு டிஸ்க்கைக் கைப்பற்றினால், எழுத விடாமல் தடுக்கிற ஒரு கருவி வழியாகத்தான் அதைத் தொடுவார்கள். அப்படியே ஒரு பிரதி எடுத்து, கணக்குப் போட்டு ஒரு நீளமான எண்ணைக் குறித்து வைப்பார்கள். கைரேகை மாதிரி என்று வையுங்களேன். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். எண் ஒத்துப்போனால், யாரும் கை வைக்கவில்லை என்று கோர்ட்டில் சொல்லலாம்.

2010-ல் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்து மர்டோக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேம் பெல், ரிச்சர்ட் பாடிங்டன் என்ற இருவர் ஒரு பரீட்சை செய்தார்கள். பழைய டிஸ்க் ஒன்றையும் எஸ்.எஸ்.டி. ஒன்றையும் நிரப்பி, ரெண்டையும் ஒரே மாதிரி அழித்துவிட்டுத் தேடினார்கள். பழையதில் எல்லாமே அப்படியே கிடைத்தது. எஸ்.எஸ்.டி.யிலோ சில நிமிஷத்துக்குள் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. எழுத விடாத கருவியைப் பொருத்தியும் உள்ளே கழுவுகிற வேலை நிற்கவில்லை. வாசலில் பூட்டுப் போட்டு என்ன பிரயோஜனம், பாத்திரம் தேய்ப்பவள் வீட்டுக்குள்ளேதானே இருக்கிறாள்? எல்லா எஸ்.எஸ்.டி.யும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஆனால், அழித்தவன் குற்றவாளியா, தானாக அழிந்ததா என்ற சந்தேகத்துக்கே இடம் வந்துவிட்டது பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. அறைகள் ஓரளவு தடவைதான் துடைத்து எழுதத் தாங்கும். ஒரே இடம் தேய்ந்துவிடாமல் இருக்க, அது எழுதுவதை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். பழைய பிரதி எங்காவது மூலையில் தங்கிவிடும். 2011-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டியாகோ வளாகத்தில் சில்லுகளையே பிரித்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு கோப்பை மட்டும் அடையாளமில்லாமல் அழிக்கப் பழைய டிஸ்க்குக்கென்று இருந்த முறைகளில் ஒன்றுகூட இதில் பலிக்கவில்லை. ஆக, நிற்க வேண்டியது போகிறது, போக வேண்டியது நிற்கிறது. முடிவு செய்வது நாமும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. அந்த டிரைவ் செய்கிறது.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் தெரியுமா? இந்தப் பகுதிக்கு ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம். யாரோ ஒருவன் லேப்டாப்புக்குப் படங்களும் மிரட்டல் கடிதங்களும் அனுப்பியிருக்கிறான். கணவர் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். பிறகு கணவரிடமே சொன்னதும், அவர், "நீ ஏன் பயப்படறே, புகார் கொடுக்கலாம்" என்றாராம். "அழித்ததைப் போலீஸ் எடுத்துவிடும் இல்லையா, அம்மா?" என்று கேட்கிறார்.

சகோதரி, முதலில் உங்கள் கணவருக்கு என் நமஸ்காரம். "எடுத்துவிடும்" என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் தைரியமாக எழுதியிருப்பேன். இப்போது அப்படி எழுத மாட்டேன். ஆனாலும் மனசைத் தளர விடாதீர்கள். லேப்டாப்பை இப்போதே நிறுத்தி வையுங்கள். அதில் மேலே எதையும் செய்ய வேண்டாம். கரண்ட் இல்லாமல் கழுவ முடியாது. மின்னஞ்சலின் குப்பைக்கூடையை வேறு கருவியில் திறந்து பாருங்கள். பல சேவைகளில் ஒரு மாதம் வரை அங்கே கிடக்கும். அனுப்பியவன் பக்கத்திலும், அஞ்சல் நடத்துகிற கம்பெனியிடமும் தடயம் இருக்கலாம். அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் போலீசுக்கு உண்டு. அதனால் தாமதிக்காமல் போங்கள். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பணம் பறிபோயிருந்தால் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள்.

மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள்:

ஆபாசமோ மிரட்டலோ வந்தால் அருவருப்பில் அழிக்காதீர்கள். படம் பிடித்து வைத்தால் மட்டும் போதாது. அசலும், அது வந்த போனும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுச் சாட்சியத்தோடு ஒரு சான்றிதழ் தரவேண்டும். நான் சொன்ன அந்தக் "கைரேகை" எண்ணும் அதில் கேட்கப்படுகிறது.

கேமரா கார்டிலோ பென்டிரைவிலோ தெரியாமல் அழித்துவிட்டால் உடனே கழற்றி வையுங்கள். அவற்றில் பெரும்பாலும் இந்தத் தானாகக் கழுவும் அவசரம் இல்லை, மீட்க வாய்ப்பு அதிகம். செல்போன் படங்களுக்கு முதலில் அதன் குப்பைக்கூடையைப் பாருங்கள்.

பழைய போனைக் கொடுக்குமுன், உள்ளேயே இருக்கும் "முழுவதும் அழி" வசதியைப் பயன்படுத்துங்கள். இப்போதைய போன்கள் எல்லாவற்றையும் பூட்டித்தான் வைக்கின்றன. அந்த வசதி சாவியையே உருக்கிவிடுகிறது. ஒவ்வொன்றாக அழித்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.

முக்கியமான படங்கள் எப்போதும் ரெண்டு இடத்தில் இருக்கட்டும். பென்டிரைவில் போட்டு பீரோவில் வருஷக்கணக்காகப் பூட்டி வைக்காதீர்கள். பூட்டிய மின்சாரம் மெல்லக் கசியும். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்து, வேறொன்றுக்கும் மாற்றிவிடுங்கள். அழிக்குமுன் மிச்சம் வைப்பதைத் திறந்து பாருங்கள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இது நான் அழுது கற்றுக்கொண்ட பாடம்.

என் படங்கள் என்ன ஆயிற்று என்கிறீர்களா? சம்பந்தியம்மா, நாத்தனார், எதிர்வீட்டுப் பெண் என்று ஒவ்வொருவர் போனிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. நாற்பது படம் தேறியது. வசம்பு வளையல் படம் மட்டும் யாரிடமும் இல்லை. அந்த வளையலை என் மருமகள் எடுத்து வைத்திருக்கிறாள். பேத்தி பெரியவளானதும், "இது உன் கொள்ளுப்பாட்டி தன் கையால போட்டது" என்று காட்டலாம்.

அடுத்த இதழில் ரசப்பொடியோடு வருகிறேன்.