பத்து மணிக்கு மேல்தான் பயம்

"அந்தக் காசுக்கு ஒரு மைவி வாங்கியிருக்கலாமே ஐயா?"

பெரிய மோட்டாரை வாசலில் கொண்டு வந்து நிறுத்திய அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நான் வாங்கியது இன்னொருவர் ஓட்டிய 2019ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜி.எஸ். பழைய வண்டி என்றாலும், அந்த விலைக்குப் புது மைவி வாங்கி, மிச்சத்தில் தீபாவளியும் கொண்டாடியிருக்கலாம்.

ஒரு மாதம் ஆகிவிட்டது. 1,400 கிலோமீட்டர் ஓடியாயிற்று. "வண்டி எப்படி?" என்று நிலையத்தில் கேட்கிறார்கள், மாமாக் கடையில் கேட்கிறார்கள், கோயில் அன்னதான வரிசையில்கூடக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

'ஜி.எஸ்.' என்பது ஜெர்மன் மொழியில் காடுமேடு, சாலை என்ற இரண்டு சொற்களின் முதலெழுத்துகள். இரண்டிலும் ஓடும் வண்டி என்று பொருள். முதல் ஜி.எஸ். 1980இல் வந்தது, மறு ஆண்டே பாரிஸ்–டக்கார் பாலைவனப் பந்தயத்தில் வென்றது. என்னுடையதில் எஞ்சின் 1,254 சிசி, 136 குதிரைசக்தி. இரண்டு சிலிண்டர்களும் ஆளுக்கொரு பக்கம் கை நீட்டியது போல வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சங்கிலி கிடையாது. எஞ்சினிலிருந்து ஒரு தண்டுதான் பின்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதனால் சங்கிலிக்கு எண்ணெய் போடும் வேலை மிச்சம். டாங்கி 20 லிட்டர். கோலாலம்பூரில் நிரப்பினால் பினாங்கு போய்ச் சேரலாம்.

நெடுஞ்சாலையில் இந்த வண்டி சொக்கத் தங்கம். 110 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் அலட்டிக்கொள்வதே இல்லை. முன்கண்ணாடி காற்றைத் தடுக்கிறது. முதுகு நிமிர்ந்து உட்காரலாம். லோரியைக் கடக்கும்போது அப்பாவின் காப்சாயில் உணர்ந்த அந்த ஆட்டம் இதில் இல்லை. போன ஞாயிறு கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைப் பக்கம் போனேன். அணைக்கட்டைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும், இவ்வளவு பெரிய உடம்பு இத்தனை லேசாகச் சாய்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது.

நெரிசலில் கதை வேறு. காலுக்கு அடுப்பு வைத்தது போலச் சூடு. அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். பக்கப் பெட்டிகளையும் மாட்டினால் சந்து பொந்தில் நுழைய முடியாது. கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில், பின்னால் வரும் காப்சாய்கள் ஹாரன் அடித்து என்னை ஒதுங்கச் சொல்கின்றன. 136 குதிரைகளும் அங்கே வாய் திறப்பதில்லை.

எடையைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் நிரப்பிய நிலையில் 249 கிலோ. அப்பாவின் இ.எக்ஸ்.5 சுமார் 100 கிலோதான். 250 சிசி வரை ஓட்டும் பி2 உரிமத்திலிருந்து 'பி ஃபுல்' எடுத்தபோதும் சரி, வண்டி வாங்கியபோதும் சரி, எல்லாரும் என்னிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "வேகத்தைக் குறைச்சுக்கோ." யாருமே மெதுவாகப் போகும்போது கவனம் என்று சொல்லவில்லை.

நான்காம் நாள் விழுந்தேன். மலையிலோ நெடுஞ்சாலையிலோ இல்லை. எங்கள் தாமானில், என் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி. ஹெண்டலை முழுசாக ஒடித்து வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மனிதன் நடக்கும் வேகம்தான். குறுக்கே ஒரு பூனை. பழக்க தோஷத்தில் முன்பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கைப் பிடித்தால் வண்டி திரும்பிய பக்கமே சாயும். காப்சாய் என்றால் காலை ஊன்றி நிறுத்திவிடலாம். 249 கிலோவைக் கால் நிறுத்தாது. மெல்ல, மரியாதையாக, அது என்னைக் கீழே இறக்கிவிட்டது.

எதிர்வீட்டுப் பாக்சிக் ஓடி வந்தார். ஓய்வு பெற்ற போக்குவரத்துப் போலீஸ்காரர். பணியில் இருந்தபோது பெரிய மோட்டார் ஓட்டியவர். நான் குனிந்து ஹெண்டலைப் பிடித்துத் தூக்கப் போனேன். "முதுகு போயிடும்" என்று தடுத்தார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். இருக்கைக்கு முதுகைக் காட்டி, முட்டியை மடக்கி, ஒரு கையால் ஹெண்டலையும் மறு கையால் பின்சட்டத்தையும் பிடித்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடக்கச் சொன்னார். வெளியே துருத்தி நிற்கும் சிலிண்டர் வண்டியை முழுதாகப் படுக்கவிடவில்லை என்பதால் பாதி வேலை மிச்சம். எழுந்துவிட்டது. அவர் சொன்னது இரண்டே வார்த்தை: "பெலான்-பெலான் லா."

அதன் பிறகு ஞாயிறுதோறும் காலை 7 மணிக்குக் காலியான கார் நிறுத்துமிடத்தில் மெதுவாகப் போகப் பழகுகிறேன். தண்ணீர் போத்தல்களை வரிசையாக வைத்து வளைந்து வளைந்து போகிறேன். கிளட்ச் பாதிப் பிடியில், பின்பிரேக்கில் லேசான அழுத்தம், முன்பிரேக்கில் விரல் படக்கூடாது. கண் போத்தலைப் பார்த்தால் வண்டி போத்தல் மேல்தான் ஏறும். போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் அங்கே போகும்.

விழுந்ததில் முழங்கையில் சிராய்ப்புதான். வீட்டில் மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். அம்மா பார்த்துவிட்டார். திட்டவில்லை. மஞ்சள் டப்பாவை எடுத்து வந்தவர், "காலையில ஆறிலிருந்து பத்து வரைக்கும் எனக்குப் பயமே இல்லைடா. நீ ரேடியோவுல பேசிக்கிட்டே இருப்ப. பத்து மணிக்கு மேலதான் பயம்" என்றார்.

1998இல் அப்பா காப்பார் சாலையில் ஒரு லோரிக்கு ஒதுங்கப் போய் விழுந்தார். கால் எலும்பு முறிந்து நான்கு மாதம் வேலைக்குப் போகவில்லை. அந்த நான்கு மாதமும் அம்மா வடை சுட்டு விற்றுத்தான் வீடு நடந்தது. எனக்கு அப்போது வடை தினமும் கிடைத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

ஒன்பது வருடமாகக் காலையில் சாலை நிலவரம் சொல்கிறேன். "ஷா ஆலாம் அருகே மோட்டார் சைக்கிள் விபத்து, இடது தடம் அடைப்பு, 3 கிலோமீட்டர் நெரிசல்." சொல்லிவிட்டு அடுத்த பாட்டு. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். அதை நான் எத்தனையோ முறை நெரிசலாக மட்டுமே வாசித்திருக்கிறேன். அப்பா விழுந்த அன்றும் யாராவது இப்படித்தான் வாசித்திருப்பார்கள்.

இப்போது பத்து மணிக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்கு ஒரு வாட்ஸ்அப், கிள்ளான் வந்து சேர்ந்ததும் ஒன்று. கையுறையும் ஜாக்கெட்டும் போடாமல் சாவியைத் தொடுவதில்லை. பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை என்று 3,000 கிலோமீட்டர் வரைக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

போன வியாழன் காலை மறுபடியும் ஒரு மோட்டார் விபத்து. அந்த வழியாக வந்த நேயர் ஒருவர் அழைத்திருந்தார். விழுந்தவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் நெரிசலைப் பற்றிக் கேட்டேன். எழுந்து சாலையோரம் உட்கார்ந்திருக்கிறார், தண்ணீர் குடிக்கிறார் என்றார். அதை அப்படியே ஒலிபரப்பில் சொன்னேன்.

பத்து மணிக்கு நான் வாட்ஸ்அப் அனுப்பும் முன்பே அம்மாவின் அழைப்பு வந்தது.

"அந்தப் பிள்ளை எந்திரிச்சு உட்கார்ந்துட்டானாமே? நல்லதாப் போச்சு. சரி, நீ பெலான்-பெலானா வா."