ஐந்நூறு கட்டைகள்

சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கத்தில் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி எஃகுச் சங்கிலியைத் தரையில் நீட்டித் தொடங்கிவைத்த நில அளவை, அரை நூற்றாண்டுக்குப் பின் இமயத்துப் பனிச் சிகரங்களின் உயரத்தையும் கணித்துச் சொல்லும் நிலைக்கு வளர்ந்தது. ஆயினும் அச்சிகரங்களுக்கு அப்பால் அன்னியருக்கு வாசல் அடைத்துக் கிடந்த திபெத் தேசம், சர்வே இலாகாவின் படத்தில் பெரும்பாலும் வெறும் காகிதமாகவே நின்றது.

இந்த இக்கட்டுக்கு வழி கண்டவர் மான்ட்காமரி என்ற சர்வே உத்தியோகஸ்தர். எல்லைப்புறத்து மலைவாசிகள் வியாபாரத்தின் பொருட்டும் க்ஷேத்திராடனத்தின் பொருட்டும் திபெத்துக்குள் போவதும் வருவதும் வழக்கமாயிருந்தமையால், அவர்களுள் தக்கவர்களைத் தெரிந்தெடுத்து, டேராடூனில் பயிற்சி கொடுத்து, யாத்திரிகர் வேஷத்தில் அனுப்பலாம் என்பது அவர் யோசனை. அப்படிச் சென்றவர்களில் தலைசிறந்தவர், குமாவூன் மலைநாட்டில் மிலம் என்னும் கிராமத்துப் பள்ளி ஆசிரியரான நயின் சிங்.

அவர் கையாண்ட உபாயங்களை நினைக்குந்தோறும் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. ஏற்றமாயினும் இறக்கமாயினும், பாறையாயினும் பனியாயினும், ஒரே நீளத்தில் காலடி வைக்கும்படி உடம்பைப் பழக்கிக்கொண்டு, நூறு காலடிக்கு ஒரு மணியாக ஜபமாலையை உருட்டிக்கொண்டே நடந்தார். 108 மணி இருக்கவேண்டிய அந்த மாலையில் 100 மணிகளே இருந்தன. மாலை ஒரு சுற்று வந்தால் பத்தாயிரம் காலடி, ஏறக்குறைய ஐந்து மைல். கையிலிருந்த பிரார்த்தனைச் சக்கரத்தினுள் மந்திரச் சுருளுக்குப் பதிலாகத் தூரமும் திசையும் குறித்த காகிதங்கள் இருந்தன. சோழிகளில் அடைத்து எடுத்துச் சென்ற பாதரசத்தை இரவில் பிக்ஷா பாத்திரத்தில் ஊற்றி, அதில் தெரியும் நக்ஷத்திரத்தின் பிரதிபிம்பத்தைக் கொண்டு அட்சரேகையைக் கணித்தார். கொதிக்கும் தண்ணீரில் உஷ்ணமானியை வைத்து, இருக்கும் இடத்தின் உயரத்தை அறிந்தார். வழிப்போக்கர் யாரேனும் பேச்சுக் கொடுக்க நெருங்கினால், சக்கரத்தைச் சுழற்றி ஜபத்தில் ஆழ்ந்துவிடுவார். பக்தரைக் கலைக்கலாகாது என்று அவர்களும் விலகிவிடுவார்கள். இவ்விதம் 1866 ஜனவரியில் லாசா நகரை அடைந்து, சுமார் 1,200 மைல் வழியைக் காலால் அளந்து மீண்ட அவருக்கு, 1877-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் பூகோள சங்கம் தங்கப் பதக்கம் அளித்துக் கௌரவித்தது. உரியவருக்கு உரியது கிடைத்தது, மகிழ்ச்சியே.

நான் இந்த வாரம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது பதக்கம் பெறாத ஒருவரைப் பற்றி. சிக்கிம் நாட்டைச் சேர்ந்த கிந்துப் எழுதப் படிக்கத் தெரியாதவர். திபெத்தில் கிழக்கு நோக்கி ஓடி, நாம்சா பர்வா மலையைச் சுற்றி ஆழ்ந்த பள்ளத்தாக்கினுள் மறைந்துபோகும் சாங்போ நதிதான் அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவாக வெளிப்படுகிறதா என்பது அக்காலத்துப் பூகோள அறிஞர்களிடையே பெரும் விவாதமாயிருந்தது. அதைத் தீர்க்க, அடையாளமிட்ட மரக்கட்டைகளைச் சாங்போவில் விடுவது என்றும், கீழே அஸ்ஸாமில் ஆட்களை நிறுத்தி அவை வருகின்றனவா என்று பார்ப்பது என்றும் ஏற்பாடு செய்து, ஹார்மன் என்ற அதிகாரி 1880-ஆம் ஆண்டில் ஒரு சீன லாமாவையும், அவருக்குத் துணையாகக் கிந்துப்பையும் அனுப்பிவைத்தார். அந்த லாமா செய்த காரியம் என்ன? வழியில் ஓர் ஊரில் கிந்துப்பை அடிமையாக விற்றுவிட்டுத் தம் தேசத்துக்குப் போய்விட்டார்.

தப்பி ஓடிய கிந்துப், வீட்டு வழியைப் பார்த்துப் போயிருந்தால் அவரை யார் குறை சொல்ல முடியும்? அவரோ நதியின் வழியே கீழ்நோக்கிச் சென்றார். தேடி வந்தவர்கள் கையில் சிக்கவிருந்த தருணத்தில், மார்ப்புங் என்ற இடத்து மடத்தில் சரண் புகுந்தார். மடாதிபதி 50 ரூபாய் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டார். மடத்தில் ஊழியம் செய்துகொண்டே, யாத்திரைக்கென்று விடுமுறை கேட்டுப் போய், ஓரடி நீளத்தில் ஐந்நூறு கட்டைகளை ஒற்றை ஆளாக வெட்டி, அடையாளம் இட்டு, மறைவிடத்தில் சேர்த்துவைத்தார். மறுபடியும் விடுமுறை பெற்று லாசாவுக்கு நடந்து சென்று, இன்ன நாள் முதல் நாள் ஒன்றுக்கு 50 கட்டைகள் வீதம் விடுவேன் என்று பிறர் கையால் கடிதம் எழுதுவித்து, ஊர் திரும்பும் சிக்கிம்காரர் மூலம் அனுப்பினார். குறித்த காலம் வந்ததும் பத்து நாட்களில் ஐந்நூறையும் ஆற்றில் விட்டார்.

கடிதம் உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. ஹார்மன் நோயுற்று இந்தியாவை விட்டே போய்விட்டார். அஸ்ஸாமில் கரையில் நின்று பார்க்க ஒருவரும் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து வீடு திரும்பிய கிந்துப் வாய்மொழியாகச் சொன்ன விவரங்களை எழுதிவைத்துக்கொண்டார்களேயன்றி, பலர் அவற்றை நம்பவில்லை. 1913-ஆம் ஆண்டில் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரு அதிகாரிகள் அதே பள்ளத்தாக்கில் நடந்து பார்த்தபோதுதான், கிராமங்களையும் தூரங்களையும் பற்றி அவர் ஞாபகத்திலிருந்து சொன்னவை எவ்வளவு துல்லியமானவை என்று தெரிந்தது. நீர்வீழ்ச்சி ஒன்றின் உயரம் 150 அடி என்று அவர் பெயரால் பதிவானது கூட, எழுதி எடுத்தவரிடம் நேர்ந்த குழப்பமே என்று அறியலாயிற்று.

சொந்த உணர்ச்சி இவ்விஷயத்தில் என்னை ஆட்கொள்வதை மறைக்க விரும்பவில்லை. காண்பாரும் கேட்பாரும் இல்லாத இடத்தில், அனுப்பியவன் இருக்கிறானோ இல்லையோ என்றும் அறியாத நிலையில், ஒப்புக்கொண்ட வேலையைக் கடைசிக் கட்டை வரையில் நிறைவேற்றிய அந்த மனிதரை, சிகரம் ஏறிய வீரர் எவருக்கும் கீழாக நான் வைக்கமாட்டேன்.

டார்ஜிலிங்கில் தையற்காரராக முதுமையைக் கழித்துக்கொண்டிருந்த அவரைத் தேடிக் கண்டுபிடித்த பெய்லி, அவருக்குப் பென்ஷன் கொடுக்கும்படி அரசாங்கத்தை வற்புறுத்தினார். அரசாங்கம் பென்ஷன் கொடுக்கவில்லை. 1914-ஆம் ஆண்டில், ஒரே தடவையாக, 1,000 ரூபாய் கொடுத்தது.