கருவிப் பெட்டி நம் கையில்!



ஹாஸ்டல் வராண்டாவிலும் கேன்டீன் பெஞ்சிலும் இப்போது அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. “ஏ.ஐ. வந்துடுச்சு மச்சி, இனிமே டிராயிங் படிச்சு என்ன பண்ணப் போறோம்?” என்கிறான் ஒருவன். “அதெல்லாம் சும்மா விளம்பரம்டா, லேத்துல நிக்கிறவனுக்கு அதால என்ன?” என்கிறான் இன்னொருவன். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். ஏ.ஐ. உதவியாளரை வரைபட மென்பொருளோடு இணைக்கிற சர்வரை டிப்ளமோ மாணவர்களாகிய நாமே கட்ட வேண்டும். நம்மால் முடியும். டிராயிங் ஹாலிலும் ஒர்க்‌ஷாப்பிலும் மூன்று வருடம் கழிக்கிற நாம்தான் அதற்குப் பொருத்தமான ஆட்களும்கூட.

சர்வர் என்றதும் ஏ.சி. அறையும் பெரிய பெரிய இரும்புப் பெட்டிகளும் கண்ணில் தோன்ற வேண்டாம். விஷயம் இதுதான். ஏ.ஐ. உதவியாளர் நன்றாகப் பேசும். ஆனால் அதற்குக் கை கிடையாது. “100-க்கு 60, 10 மி.மீ. தடிமனில் ஒரு பிளேட் வரை” என்று கேட்டால், எப்படி வரைவது என்று இருபது வரி எழுதித் தரும். நம் திரையில் ஒரு கோடுகூட விழாது. மறுபக்கம் ஃப்ரீகேட், பிளெண்டர் போன்ற மென்பொருள்களுக்குக் கை உண்டு. நாம் பேசுகிற பேச்சுதான் புரியாது. இரண்டுக்கும் நடுவில் நின்று சேதி கொண்டு போகிற சின்ன நிரல்தான் இந்த சர்வர். நம்முடைய கம்ப்யூட்டரிலேயே ஓடும்.

மென்பொருளை நிரல் எழுதி வரைய வைப்பது புதிய சங்கதி இல்லை. ஆட்டோகேட் 1982-ல் வந்தது. 1986-லேயே அதற்குள் ஆட்டோலிஸ்ப் என்ற நிரல் மொழி சேர்ந்துவிட்டது. 2002-ல் தொடங்கிய ஃப்ரீகேட், 2024 நவம்பரில்தான் 1.0 பதிப்பைத் தொட்டது. காசு கொடுக்க வேண்டியதில்லை. பைத்தான் தெரிந்தால் அதை உள்ளேயிருந்தே இயக்கலாம்.

அப்படியானால் புதிது எது? பொதுவான ஒரு பேச்சு ஒப்பந்தம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ‘மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால்’, சுருக்கமாக எம்.சி.பி., என்ற விதிமுறையை எல்லோருக்கும் திறந்து வெளியிட்டது. 2025-ல் ஓப்பன்ஏஐ, கூகுள் போன்ற போட்டி நிறுவனங்களும் அதை ஏற்றுக்கொண்டன. இதனால் என்ன லாபம்? ஒரு சின்னக் கணக்கு. ஐந்து உதவியாளர்கள், நான்கு வரைபட மென்பொருள்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாலம் என்றால் 20 பாலம் கட்ட வேண்டும். பொது விதி இருந்தால் ஆளுக்கு ஒன்று, மொத்தம் 9 போதும். பிளக் பாயின்ட் அளவு நாடு முழுக்க ஒன்றாக இருப்பது போலத்தான் இதுவும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? சர்வர் ஓட ஆரம்பித்ததும் உதவியாளர் அதனிடம் “உன்னிடம் என்னென்ன கருவி இருக்கிறது?” என்று கேட்கும். சர்வர் ஒரு பட்டியல் கொடுக்கும். கருவியின் பெயர், அது செய்கிற வேலை, அதற்குத் தேவையான எண்கள், அவ்வளவுதான். நாம் தமிழிலோ ஆங்கிலத்திலோ கேட்டதைப் புரிந்துகொண்டு, உதவியாளர் அந்தப் பட்டியலிலிருந்து ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்து எண்களை நிரப்பி அனுப்பும். சர்வர் அதை ஃப்ரீகேடுக்குள் இருக்கிற துணை நிரலிடம் தள்ளிவிட்டு, பதிலை வாங்கித் திருப்பித் தரும்.

நானும் என் வகுப்பு நண்பர்கள் இரண்டு பேரும் இப்படி ஒரு சர்வர் எழுதினோம். மொத்தம் நாலே நாலு கருவிகள்: பிளேட் செய், துளையிடு, அளவு சொல், படமாகக் காட்டு. செய்யப் போகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. சர்வரும் உதவியாளரும் ஸ்டாண்டர்டு அவுட்புட் வழியாகப் பேசிக்கொள்ளும்போது, நிரலில் சும்மா ஒரு ‘பிரிண்ட்’ போட்டாலும் சேதி கெட்டுவிடும்; நம் குறிப்புகளை எரர் வழியில்தான் அனுப்ப வேண்டும். இன்னொன்று, ஃப்ரீகேட் திரையைத் தொடுகிற வேலையெல்லாம் அதன் முதன்மை இழையில்தான் நடக்க வேண்டும். வெளியிலிருந்து வருகிற கட்டளைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக உள்ளே விட வேண்டும்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கருவிப் பட்டியலை எழுதுவது யார்? என் கட்டுரையின் உயிரே இந்தக் கேள்விதான்.

“இந்தப் பிளேட்டில் நாலு எம்8 துளை போடு” என்று ஒருவர் சொல்கிறார். எத்தனை மி.மீ.? மரை போட வேண்டும் என்றால் 6.8 மி.மீ. டிரில். போல்ட் சும்மா நுழைந்து போக வேண்டும் என்றால் வழக்கமாக 9 மி.மீ. விஷயம் தெரியாதவர் எழுதிய கருவி ‘8’ என்று போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். திரையில் அழகாகத்தான் தெரியும்! மரையும் போட முடியாது, போல்ட்டும் தாராளமாக நுழையாது. மரைக்காக என்றால் பிளேட் ஸ்கிராப். நாங்கள் எழுதிய ‘துளையிடு’ கருவி, “மரைக்கா, வழிவிடவா?” என்ற பதில் இல்லாமல் வேலை செய்யாது. இந்தக் கேள்வியை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தக் கம்ப்யூட்டர் புத்தகமும் இல்லை, ஃபிட்டிங் ஷாப்.

அதுபோலத்தான் புரொஜெக்‌ஷனும். நம் நாட்டு எஸ்.பி. 46 நெறிமுறைப்படி ஃபர்ஸ்ட் ஆங்கிள். அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள். இந்த வித்தியாசம் தெரிந்த ஒருவர் சர்வரில் எழுதி வைக்காவிட்டால், டாப் வியூ மேலேயா கீழேயா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடும்.

சிலர் கேட்கலாம்: “ஒவ்வொரு கருவியாக எதுக்கு எழுதணும்? எந்த பைத்தான் நிரலையும் ஓட்டுற ஒரே கருவியைக் கொடுத்துட்டா போச்சே?” கொடுக்கலாம். 2025-ல் பிளெண்டருக்கு வந்து பிரபலமான சர்வரில் அப்படி ஒரு கருவி இருக்கிறது. ஆனால் அதைச் செய்தவர்களே, இது ஆபத்தாக முடியலாம், முதலில் உங்கள் வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்திருக்கிறார்கள். விளையாட்டாக ஒரு பொம்மை வீடு செய்து பார்க்க அது போதும். நாளைக்கு இரும்பை வெட்டப் போகிற வரைபடத்துக்கு, புது ஆளிடம் மொத்தச் சாவிக்கொத்தையும் கொடுப்பதா? கருவி குறைவாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் எல்லை இருக்கட்டும். செய்ததை ஒரே அன்டூவில் திரும்பப் பெற முடியட்டும்.

செய்ததைச் சரிபார்க்கவும் வழி வேண்டும். எங்கள் அப்பா கொத்தனார். இருபது வருட அனுபவம். ஆனாலும் தூக்குக்குண்டு போட்டுப் பார்க்காமல் ஒரு சுவரையும் ஏற்ற மாட்டார். “கண்ணு பொய் சொல்லும், குண்டு சொல்லாது” என்பார். சர்வருக்கும் ஒரு தூக்குக்குண்டு வேண்டும். எங்களுடையது கன அளவு. 100×60×10 பிளேட் 60,000 கன மி.மீ. 9 மி.மீ. துளை நாலு போட்டால் சுமார் 2,545 போகும். மீதி 57,455 வர வேண்டும். ‘அளவு சொல்’ கருவி வேறு எண் சொன்னால், எங்கோ தவறு நடந்திருக்கிறது, ஒருவேளை ஏதோ ஒரு துளை மறுபக்கம் வரை போகவில்லை என்று அர்த்தம். உதவியாளர் “முடிந்தது” என்று எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் நம்பத் தேவையில்லை.

வேலை போய்விடும் என்ற பயத்தை நான் கேலி செய்யவில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். “படம் போடுற வேலைக்குப் போயிட்டா நிழல்ல உக்காந்து சம்பாதிக்கலாம்” என்ற நம்பிக்கையில்தான் அம்மாவும் அப்பாவும் வெயிலில் நிற்கிறார்கள். நம்மில் பல பேர் வீட்டுக் கதை இதுதான். சொன்ன கோட்டை அப்படியே இழுத்துக் கொடுக்கிற வேலை இனி குறையும் என்றே நான் நினைக்கிறேன். அதை மறைத்துப் பேசுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் துரோகம். ஆனால் எந்தக் கோடு தவறு என்று சொல்கிறவருக்கும், அந்த அறிவைக் கருவியாக எழுதித் தருகிறவருக்கும் வேலை கூடும். அந்த இடத்துக்கு வேறு யாராவது வந்து உட்காரும் முன் நாம் போய்ச் சேர வேண்டாமா?

எனவே மாணவர் பேரவைக்கும் துறைகளுக்கும் என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, வகுப்பு முடிந்தபின் வாரத்தில் இரண்டு மாலைகளாவது கம்ப்யூட்டர் லேப் திறந்திருக்க வேண்டும். அங்கே ஃப்ரீகேடும் பைத்தானும் இருக்க வேண்டும். இரண்டு, இறுதியாண்டு புராஜெக்டில் மெக்கானிக்கலும் கம்ப்யூட்டரும் சேர்ந்து குழு அமைக்க அனுமதி வேண்டும். ஒருவருக்கு மரை தெரியும், மற்றவருக்கு நிரல் தெரியும். தனித்தனியாக இரண்டு பேராலும் இது ஆகாது. மூன்று, டிராயிங் போர்டு வகுப்பை யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். அங்கே பென்சிலால் கற்கிறதைத்தான் நாளை கருவிப் பட்டியலில் எழுதப் போகிறோம்.

ஆள் எவ்வளவு கெட்டிக்காரன் ஆனாலும் கையில் இருக்கிற கருவியால்தான் வேலை. அந்தக் கருவியைச் செய்து கொடுக்கிறவர்களாக நாம் இருப்போம். வாருங்கள் நண்பர்களே, லேப் கதவைத் தட்டுவோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை